மதிலுக்குக் கால் கிடையாது

போன வாரம் பள்ளிக்கூட அலுமாரியை நகர்த்தியபோது அதன் பின்னால் உன் மணல் போத்தல் கிடந்தது. பழைய ஜாம் போத்தல். மூடி துருப்பிடித்து இறுகியிருந்ததால் அடுப்பில் காட்டித்தான் திறந்தேன். இத்தனை வருடத்துக் கந்தப்பளை ஈரத்தில் மணல் கட்டிபட்டுப் போயிருந்தாலும் மூக்கருகே கொண்டுபோனதும் லேசாக உப்பு வாடை வந்தது. உன் வாடை என்று நினைத்தேன். நினைத்த உடனே கோபமும் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அலுமாரியை நகர்த்த வைத்தது மழை. மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற மலைச்சரிவில் மண் வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளவு விட்டிருக்கிறது. அங்கே இருந்த குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து இருத்தினார்கள். பாய் விரிக்க இடம் வேண்டுமென்று அலுமாரியைத் தள்ளினோம். போத்தலை எடுத்துப் பார்த்த ஒரு சின்னப் பெண் கேட்டாள், "இது என்னா டீச்சர், சீனியா?" கடற்கரை மண் என்றேன். "கடற்கரைய யாரு போத்தல்ல அடைச்சாங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ இருந்திருந்தால் அவளைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்துப் பாடத்தைத் தொடங்கியிருப்பாய்.

நீ இங்கே வந்தது தொண்ணூறுகளின் நடுவில். சிலாபத்துக்கு அங்கால் ஒரு மீன்பிடி ஊரிலிருந்து, ஒரு பெட்டியும் இரண்டு சுவெட்டருமாக நானுஓயாவில் இறங்கி, நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தாய். எனக்கும் அப்போதுதான் நியமனம் கிடைத்திருந்தது. வெளியூர் டீச்சர்மாருக்குத் தங்க இடம் இல்லை. அம்மா உன்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கொக்கு குளிருக்குத் தாங்காது, நம்ம காம்பராவுலயே கெடக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புக்குப் பக்கத்தில், எனக்கும் தங்கச்சி செல்விக்கும் நடுவில் படுத்தாய். வகுப்பில் டீச்சர், வீட்டில் "புள்ள". நீயும் என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். காலில் அட்டை ஏறினால் லயமே கூடுகிற மாதிரிக் கத்துவாய். சுறாவைப் பார்த்தவளுக்கு அட்டை பயமா என்று நாங்கள் கேலி செய்தால், "சுறா சொல்லாம கொள்ளாம கால்ல ஏறாது" என்பாய்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போய்வரும்போது ஒரு பிடி மணல் கொண்டுவந்து இந்தப் போத்தலில் போடுவாய். பிள்ளைகள் கடலைப் பற்றித்தான் கேட்பார்கள். கடல் எவ்வளவு ஆழம், கடலில் பேய் இருக்குமா என்று. நீ கரையைப் பற்றித்தான் சொல்வாய். "கடல் எல்லாருக்கும் பொது தம்பி. எங்க ஊருக்குச் சொத்தெண்டு இருக்கிறது கரை மட்டுந்தான்." அங்கேதான் கரைவலை இழுப்பது, மீன் காயப்போடுவது, வழக்குப் பேசுவது, பெண் பார்ப்பது, செத்தவரை வைத்து அழுவது என்று வரிசையாகச் சொல்வாய். அடம்பன் கொடியைப் பிடுங்குகிற பிள்ளைக்கு உங்கள் ஊரில் அடி விழும் என்றும், மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடிதான் என்றும் சொல்லிவிட்டு, "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று கரும்பலகையில் எழுதிப் போடுவாய். அந்தப் பழமொழியை எங்கள் பிள்ளைகள் கற்றது உன்னிடம்தான்.

செல்விக்குக் கல்யாணமான வருடம் உனக்கு ஞாபகம் இருக்கும். அவள் புருஷன் முருகேசுவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை நிரந்தரமில்லை. உங்கள் பக்கம் இறால் பண்ணைகள் பெருகின காலம் அது. நீதான் பேசி அவனுக்கு ஒரு பண்ணையில் வேலை வாங்கிக் கொடுத்தாய். உங்கள் ஊரிலேயே, கடலைப் பார்த்த முன்வரிசையில், குடிசை போட்டுக்கொள்ள ஊர்க் கூட்டத்தில் அனுமதியும் வாங்கினாய். அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. "கடல் ஓரத்துல கொண்டுபோய் எம்புள்ளய வைக்கிறதா? அது ராவோட ராவா முழுங்கிருமே தாயி" என்று அடுப்படியில் உட்கார்ந்து புலம்பினாள்.

நீ சிரித்துக்கொண்டே எங்கள் வீட்டுக் கோப்பைகளை எல்லாம் எடுத்துத் தரையில் வரிசை வரிசையாக அடுக்கினாய். காது உடைந்த கோப்பை, தகரக் கோப்பை, அப்பாவின் சாராயக் கோப்பை, எல்லாம். முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்து, "இது கடல் அம்மா" என்றாய். செம்பை ஒரு விரற்கடை உள்ளே தள்ளினாய். "இப்ப கடல் ஏறிட்டுது. முன்வீட்டுக்கு இடம் குறைஞ்சு போச்சு. எங்க ஊர்ல என்ன செய்வாங்க தெரியுமா?" என்று கேட்டு, முன்வரிசைக் கோப்பையைப் பின்னால் நகர்த்தினாய். அதற்குப் பின்னால் இருந்ததை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாய். அப்படியே கடைசி வரிசை வரை. கடைசிக் கோப்பையை நகர்த்தி, "இது கோயில் தென்னந்தோப்புக்குள்ள போகும்" என்றாய். "எல்லா வீட்டு வேலியும் ஒரு எட்டுப் பின்னால போகும். இதுக்கு வேலி நடத்துறதெண்டு பேரு. ஓலைக் கிடுகு வேலிதானே, காலையில பிடுங்கினா சாயந்தரம் நட்டுடலாம். அண்டைக்கு ஊருக்கே ஒரே உலைதான். யாருக்கும் முழுசா போகாது. எல்லாருக்கும் கொஞ்சங் கொஞ்சம் போகும்."

அம்மா கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "எங்க புள்ள வெளியூர்க்காரி ஆச்சே. அவளுக்கும் நடத்துவாங்களா?" நீ செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய், "எங்க ஊர்ல வீடு வச்சா ஊர் ஆள்தான். அவளுக்குப் பின்னால இருக்கிறதே என் சீதனக் காணிதான் அம்மா. முதல் வேலி என்னுடையது." அந்த வார்த்தையை நம்பித்தான் அம்மா அவளை அனுப்பினாள். நான்கூட அவ்வளவு நம்பியிருக்க மாட்டேன், நீ அந்தக் காது உடைந்த கோப்பையை அவ்வளவு பத்திரமாக நகர்த்தியிராவிட்டால்.

சில வருடங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உனக்கும் ஊருக்கு மாற்றம் கிடைத்துப் போய், அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டாய். விடுமுறைக்கு நான் வருவேன். மலையிலே பிறந்தவளுக்கு அந்தக் கரையில் கண் எங்கே வைப்பதென்று தெரியாது, எங்குமே ஒரு சரிவு கிடையாது. ஒருமுறை வேலி நடத்துகிற நாளிலேயே வந்து சேர்ந்தேன். ஆண்கள் கம்புகளைப் பிடுங்கிச் சுமந்தார்கள். பெண்கள் கிடுகு தூக்கினோம். ஒரு கிழவர் தன் வீட்டு வளவில் குறைந்த இடத்தைப் பார்த்து, "கடலுக்கு நான் சீதனம் குடுத்தே வயசு போச்சு" என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனாலும் வேலி நகர்ந்தது. கரை அகலம் குறையாமல் இருந்தது, மறுநாள் வலை இழுத்தார்கள். மீனும் சோறுமாகச் சாப்பிட்டுவிட்டு உன் தோளில் சாய்ந்து, எங்கள் தோட்டத்தில் ஒருத்தன் கத்தரிச் செடியைக்கூட அடுத்தவனுக்காக நகர்த்த மாட்டான் என்று சொன்னேன். உனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகு உன் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போனார். சீதனக் காணியில் கல்வீடு எழும்பியது. அடுத்த முறை நான் வந்தபோது கிடுகு வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில் நின்றது. சிமெந்து பூசி, மேலே உடைந்த போத்தல் ஓடு பதித்திருந்தாய். செல்வியின் குடிசையிலிருந்து பார்த்தால் அந்த மதில்தான் தெரியும். "ஏன் புள்ள இது?" என்று கேட்டேன். "ஆடு மாடு வருது" என்றாய். உங்கள் கரையில் நான் மாட்டைக் கண்டதே இல்லை. ஆனாலும் புது வீட்டுக்காரியிடம் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த சோழகக் காற்றுப் பருவத்தில் கடல் ஏறியது. அதுவரை ஏறாத அளவுக்கு ஏறியது. செய்தி கேட்டு நான் ஓடி வந்தபோது செல்வியின் குடிசையின் முன்கால்கள் தண்ணீரில் நின்றன. அவள் இரண்டு பிள்ளைகளையும் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு, சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருந்தாள். "பயப்படாதக்கா, நாளைக்கு வேலி நடத்துவாங்க" என்று எனக்கே தைரியம் சொன்னாள்.

மறுநாள் கரையில் கூட்டம் கூடியது. மற்ற வீடுகளுக்கெல்லாம் பேச்சு ஒன்றும் இல்லை, வழக்கம்போல் முடிந்தது. செல்வியின் முறை வந்ததும் எல்லாரும் உன் மதிலைப் பார்த்தார்கள். கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிதான் மெதுவாகத் தொடங்கினார். "டீச்சர், அந்த மதிலை ஒரு எட்டு உள்ளுக்கு எடுக்கலாமா? நாங்க ஆளெல்லாம் சேர்ந்து உடைச்சுத் தாறோம்."

நீ எழுந்து நின்றாய். வகுப்பில் நிற்பதைப் போலவே, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. என்னைப் பார்க்கவில்லை.

"நாமெல்லாம் இந்த மண்ணை விட்டா போக்கிடம் இல்லாத ஆக்கள். அவங்க அப்படியில்ல. அவங்களுக்கு மலையில ஊர் இருக்கு. போறதுக்கு இடம் இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாய். உனக்குப் பின்னால் காணி வைத்திருந்தவர்களின் முகமெல்லாம் லேசானது. நீ நகர்த்தாவிட்டால் அவர்களும் நகர்த்த வேண்டியதில்லை அல்லவா. சம்மாட்டி தலையைக் குனிந்துகொண்டார். யாரோ அடுத்த பேச்சை எடுத்தார்கள்.

மலையில் ஊரா? எங்களுக்கா? யாராவது தெரியாதவர்கள் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், அந்த அடுப்பு வைத்த தரைகூடத் தோட்டத்துக்குச் சொந்தம் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தரையில் எங்களோடு படுத்தவள் நீ. காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகாத வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களோ என்று அம்மா காய்ச்சலோடு கொழுந்து பறிக்கப் போனதைப் பார்த்தவள் நீ. ஆறு தலைமுறை உழைத்தும் ஒரு அடி மண் இல்லாதவர்களைப் பார்த்து, அவர்களுக்கு ஊர் இருக்கிறது என்று ஊர் முன்னால் சொல்ல உனக்கு எப்படி நாக்குப் புரண்டது? பொய் என்று உனக்குத் தெரிந்திருந்தது. உன்னைத் தவிர, அது பொய் என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். வெளியூர்க்காரி என்ன பேசுவது? செல்வி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் மானத்தோடு போக விரும்பினாள்.

சாயந்தரம் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது தேத்தண்ணியோடு வந்தாய். "கோவிக்காத புள்ள. கிடுகெண்டா பிடுங்கலாம். சிமெந்தை எப்படிப் பிடுங்கிறது? மதிலுக்குக் கால் கிடையாதே" என்றாய். நான் கேட்டேன், "கிடுகா இருந்திருந்தா புடுங்கியிருப்பியா?"

நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனாய். வேறு எதை மறந்தாலும் அந்தப் பதில் வராததை நான் மறக்கவில்லை.

செல்வி திரும்பி வந்து அம்மாவின் காம்பராவில் இருந்தாள். அம்மா, அப்பா, நான், அவள், புருஷன், இரண்டு பிள்ளைகள். படுத்தால் ஒருவர் திரும்பிப் படுக்க எல்லாரும் திரும்ப வேண்டும். அவள் உன்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. "டீச்சர் என்னக்கா பண்ணுவாங்க, கட்டுனது கட்டியாச்சே" என்பாள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை பஸ் கண்டக்டர் கையில் நீ ஒரு கருவாட்டுப் பொட்டலம் அனுப்பினாய். குப்பையில் போடச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. "கருவாடு என்னடி பாவம் பண்ணுச்சு" என்று கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். வீடு முழுவதும் உன் ஊர் மணத்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். நான் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு வெளியே போய் நின்றேன்.

நீ போன செய்தி ஊரெல்லாம் அறிந்த பிறகுதான் எனக்கு வந்தது. நம்மோடு படிப்பித்த கணக்கு மாஸ்டரை நானுஓயா ஸ்டேஷனில் கண்டேன். "தெரியாதா உங்களுக்கு? அவங்க போயிட்டாங்களே. கிட்னி வருத்தம்" என்றார். ரயில் பிந்தியதால் அவர் மிச்சத்தையும் சொன்னார். மதிலில் மோதின அலை அடியிலிருந்த மணலை எல்லாம் அரித்துக்கொண்டு போய்விட்டதாம். உன் வீட்டுக்கு முன்னால்தான் முதலில் கரையே இல்லாமல் போனதாம், வலை இழுக்க அந்த இடத்தில் கால் வைக்க முடியாதாம். பிறகு மதில் விழுந்து, வீட்டின் ஒரு சுவரும் விழுந்ததாம். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அவர் சொன்னார், "ஊர் அவங்களுக்கு வேலி நடத்திக் குடுத்துச்சு. கடைசிக் காலத்துல சின்ன வீடு, சுத்திவரக் கிடுகு வேலி. மதில் வேணாம்னுட்டாங்களாம்."

உனக்கு நடத்தினார்கள். கேட்காமலே நடத்தியிருப்பார்கள். அப்படியானால் அந்த வழக்கம் பொய்யில்லை, நீ எங்கள் அடுப்படியில் சொன்னது எல்லாம் உண்மை. என் தங்கச்சி ஒருத்திக்கு மட்டும் அதை நீ பொய்யாக்கினாய். கிடுகு வேலி போட்டுக்கொண்டதுதான் உன் பதிலா? அதை எனக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும். ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். கருவாட்டுக்குப் பதிலாக.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். மேல் லயத்துக்காரர்கள் இனி அங்கே போக முடியாது என்று ஆகிவிட்டது. பாதுகாப்பான இடம் என்றால் கீழ் லயத்துக்குப் பின்னால், தோட்டம் விட்டதில் நாங்கள் லீக்ஸ், கரட் என்று மரக்கறி போடுகிற சின்னச் சின்ன நிலத்துண்டுகள்தான். தற்காலிகக் குடில் போட்டுக்கொள்ளத் தோட்ட நிர்வாகத்தில் சம்மதித்துவிட்டார்கள், இடத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். புள்ளக்காம்பராவில், பகலில் குழந்தைகளை விட்டுப்போகிற அந்த இடத்தில், கூட்டம் போட்டோம். நம் ஆட்களுக்கென்றால் கொஞ்சம் இடம் விடலாம் என்று இழுபறியோடு ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் மெனிக்கேயின் பெயர் வந்தது. வலப்பனைப் பக்கத்திலிருந்து மரக்கறித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்த சிங்களப் பெண். மேல் லயத்துக்கு ஓரமாகப் பலகைக் குடிலில், வயசான தகப்பனோடு இருந்தவள். அவள் வாசலோரமாய் நின்றாள். தமிழ் விளங்கும், பேச வராது.

தோட்டத்துச் சங்கத் தலைவர் சொன்னார், "அது தோட்டத்துப் பேர்ல இல்லாத ஆளு. அதோட அவங்களுக்கு வலப்பனையில ஊரு இருக்குத்தானே. போறதுக்கு எடம் இருக்கு."

என் காதில் உன் குரல் கேட்டது. ஊர்ப் பெயர் தவிர அதே வார்த்தை. மெனிக்கேயின் ஊரில் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த செல்வி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போய், குழந்தைகளுக்குப் பால் ஊற்றுகிற கோப்பைகளை எடுத்துவந்து தரையில் வரிசையாக அடுக்கினேன். முன்னால் ஒரு வாளியை வைத்தேன். "இது மலை. இப்ப எறங்குது" என்றேன். யாரோ சிரித்தார்கள். ஒவ்வொரு கோப்பையாக நகர்த்திக் காட்டினேன். "நம்ம வேலி எல்லாம் குச்சி வேலிதான். சாயந்தரத்துக்குள்ள நட்டுடலாம். யாருக்கும் முழுசா போகாது. மொத வேலி என்னுது" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு எரிந்தது, உன் வாக்கை நான் நிறைவேற்ற வேண்டியிருக்கிறதே என்று.

பிறகு செல்வி எழுந்தாள். "ரெண்டாவது எங்களுது" என்றாள். முருகேசு தலையைச் சொறிந்தான். கரட்டு பிஞ்சாக இருக்கிறது என்று ஒருவர் இழுத்தார், பிடுங்கிச் சாம்பாரில் போடு என்றாள் அம்மா. சனிக்கிழமை வேலிகளை நகர்த்தினோம். மெனிக்கேயின் தகப்பன் கம்பு நட முயன்று, முடியாமல், எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

வேலை முடிந்து கை கழுவும்போது தலைவர் கேட்டார், "நல்ல வழக்கமாத்தான் இருக்கு. எங்கத்து வழக்கம் டீச்சர் இது? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

உன் ஊரின் பெயரைச் சொன்னேன். உன் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. மணல் போத்தலைப் பள்ளிக்கூட அலுமாரியிலேயே, பிள்ளைகளுக்கு எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன். கேட்கிற பிள்ளைக்கு வேலி நடத்துகிற கதையைச் சொல்வேன், கோப்பை அடுக்கிக் காட்டுவேன். அதெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கும். உன் பெயரைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. இந்த மடலின் தொடக்கத்தில்கூட எழுத வரவில்லை, பார்.